சிங்கப்பூர் – நியூயார்க்: தூரத்தையும் நேரத்தையும் நாமே கணக்குப் போடுவது எப்படி?

ஜூலை மாத டிக்கெட் ஒன்று இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூர் சாங்கியில் இரவு 11:30க்குப் புறப்பாடு, நியூயார்க் ஜேஎஃப்கேயில் மறுநாள் காலை 6:00 மணிக்கு இறங்கும். வெறும் ஆறரை மணி நேரமா? தாளும் பேனாவும் எடுங்கள், பார்த்துவிடலாம்.

படி 1: உலக உருண்டையும் நூலும்

சுவரில் தொங்கும் தட்டை வரைபடத்தை நம்பாதீர்கள். அதில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் இலங்கை, சகாரா, அட்லாண்டிக் என்று போகும். அது 18,000 கிலோமீட்டருக்கும் மேல். உலக உருண்டையில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் தானாக வழுக்கி வடதுருவத்தை ஒட்டிப் போய் நிற்கும். அதுதான் குறுக்குவழி. 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டையில் 1 செ.மீ. என்பது ஏறக்குறைய 425 கி.மீ. நூல் 36 செ.மீ. வரும், பெருக்கினால் 15,300.

படி 2: டிகிரிக் கணக்கு

கூகுள் மேப்ஸில் விமான நிலையத்தின் மேல் மவுஸின் வலது பட்டனை அழுத்தினால் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் வரும். சாங்கி வடக்கே 1.36 டிகிரி, ஜேஎஃப்கே 40.64.

சாங்கியிலிருந்து துருவத்துக்கு: 90 – 1.36 = 88.64
துருவத்திலிருந்து ஜேஎஃப்கேவுக்கு: 90 – 40.64 = 49.36
மொத்தம் 138 டிகிரி.

ஒரு டிகிரிக்கு 60 கடல்மைல். ஆக 8,280 கடல்மைல். அதை 1.852ஆல் பெருக்கினால் 15,335 கி.மீ. நூல் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான்!

இந்தச் சுலப வழி எல்லா ஊருக்கும் செல்லாது. இவை கிழக்கே 104, மேற்கே 74 டிகிரி என்று உலகத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால்தான் பலித்தது. மற்ற ஊர்களுக்கு நூலே போதும்.

படி 3: மணி நேரம்

பெரிய ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 900 கி.மீ. போகும். 15,335ஐ 900ஆல் வகுத்தால் 17 மணி. ஆனால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018இல் நியூயார்க்கை ஒட்டிய நெவார்க்குக்கு நேரடி விமானம் விட்டபோது சொன்ன தூரம் 16,700 கி.மீ. ஏன் இவ்வளவு கூடுதல்? எல்லாம் காற்றுதான். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக வீசும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளினால், பசிபிக் பக்கமாகச் சுற்றிப் போவதே லாபம். 16,700ஐ 900ஆல் வகுத்துப் பாருங்கள், பதினெட்டரை மணி.

படி 4: கடிகாரம்

சரி, டிக்கெட்டுக்கு வருவோம். இரண்டு நேரத்தையும் ஒரே ஊர்க் கடிகாரத்துக்கு மாற்றினால் குழப்பம் தீர்ந்தது. ஜூலையில் நியூயார்க் 12 மணி நேரம் பின்னால். சிங்கப்பூரில் இரவு 11:30 என்றால் அங்கே அன்று காலை 11:30. அதிலிருந்து மறுநாள் காலை 6 வரை பதினெட்டரை மணி நேரம். நவம்பர் முதல் ஞாயிறு முதல் மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை 12க்குப் பதில் 13 போடுங்கள்.

திரும்பும்போதுதான் பலர் ஏமாறுவது. ஜூலையில் திங்கள் இரவு 10 மணிக்கு நியூயார்க்கில் ஏறினால், அதே பதினெட்டரை மணி நேரம் என்றாலும் சாங்கியில் இறங்குவது புதன் அதிகாலை 4:30க்கு. அழைத்துப்போக வருகிறவரிடம் செவ்வாய் என்று சொல்லிவிடாதீர்கள்.