மீன் ஐஸுக்குள் இன்சுலினைப் புதைக்காதீர்கள்

திருகோணமலையில் கடலுக்குப் போகும் நீரிழிவுக்காரர் கவனத்துக்கு: ஐஸில் உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது. பார்வைக்குக் கெட்டது தெரியாது, ஊசி போட்டும் சீனி இறங்காது, உடனே எறியுங்கள். பாவிக்கத் தொடங்கிய குப்பி 30 பாகைக்குக் கீழ் சுமார் 4 கிழமை தாங்கும். குளிர்தண்ணீரால் அலசிக் கவிழ்த்த பிளாஸ்க்கில், துணி சுற்றி நிழலில் வைத்தால் போதும்.

வலை இழுக்கையில் கை நடுங்கிக் குளிர்ந்து வியர்த்தால் வெயில் என்று விடாதீர்கள், அது சீனி குறைவாக இருக்கலாம். 15 கிராம் சீனியை, அதாவது நிறைந்த 3 தேக்கரண்டியை, அரைக் கோப்பைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். சொக்லேட் வேண்டாம், அதன் கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதமாக்கும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் திரும்பக் குடியுங்கள். தெளிந்ததும் சோறோ பாணோ சாப்பிடுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். சரித்துப் படுக்கவைத்து, கரைக்குத் திரும்பியபடியே 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள்.