ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் ட்ரோனை எப்படி இறக்குவது?

கல்யாணம், கோயில் கொடை, தேரோட்டம் என்று எட்டு வருடமாக ட்ரோன் ஓட்டுகிறேன். என்னிடம் தொழில் பழக வரும் பையன்களிடம் முதல் நாளே கேட்பேன்: "ஹெலிகாப்டர் வந்தா என்ன பண்ணுவ?" பெரும்பாலும் வரும் பதில், "ரிட்டர்ன் பட்டனை அமுக்கிடுவேன்ணே." அமுக்கினால் ட்ரோன் தானாகவே கிளப்பிய இடத்துக்குத் திரும்பும் பட்டன் அது. அதைத்தான் செய்யக் கூடாது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் நானும் அதைத்தான் செய்தேன். தாமிரபரணி ஊருக்குள் வந்துவிட்டது. சித்தப்பா வீட்டு மொட்டை மாடியில் ஆள் இருக்கிறதா என்று பார்க்க 40 மீட்டர் உயரத்தில் ட்ரோனை நிறுத்தியிருந்தேன். சாப்பாட்டுப் பொட்டலம் போட வந்த ஹெலிகாப்டரின் சத்தம் கேட்டது. பதறிப்போய் ரிட்டர்னை அமுக்கினேன். ட்ரோன் என்னிடம் வரவில்லை, நேரே மேலே ஏறியது. தென்னை மரங்களில் முட்டக் கூடாதென்று ரிட்டர்ன் உயரத்தை 100 மீட்டர் என்று நான்தான் வைத்திருந்தேன். முதலில் அந்த உயரத்துக்கு ஏறி, அப்புறம்தான் அது திரும்பும். நல்லவேளை, ஹெலிகாப்டர் ஆற்றோரமாகத் திரும்பிவிட்டது. மாடிகளில் பசியோடு நின்றவர்களுக்கு வந்த சோறு என்னால் நின்றுபோயிருந்தால்? அந்த நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

சரி, விதிக்கு வருவோம். 2021 ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை தனி அனுமதி வேண்டாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடிதான். 5 முதல் 8 கிலோமீட்டருக்குள் தரையிலிருந்தே மஞ்சள் மண்டலம், அனுமதி வாங்காமல் ஓட்டக் கூடாது. எந்த இடம் எந்த மண்டலம் என்று நிறம் போட்டுக் காட்டும் அரசின் இணைய வரைபடமான டிஜிட்டல் ஸ்கையை, வேலைக்குக் கிளம்பும் காலையில் பாருங்கள். முந்தின வாரம் பார்த்தது உதவாது. ஓர் இடத்தைத் தற்காலிகமாக 96 மணி நேரம் வரை சிவப்பு மண்டலமாக்க, அதாவது ட்ரோன் பறக்கத் தடை உள்ள இடமாக்க, மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு.

ஆனால் 400 அடிக்குக் கீழே இருப்பதெல்லாம் நமக்கு எழுதி வைத்த இடம் அல்ல. மீட்பு ஹெலிகாப்டர் மாடி உயரத்துக்கே இறங்கும். ஆள் ஓட்டும் விமானத்துக்குத்தான் முன்னுரிமை, ஒதுங்க வேண்டியது நாம்தான். உள்ளங்கை அளவு ட்ரோனை அந்த பைலட்டால் பார்க்கவும் முடியாது. 2017-ல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவு அருகே ஒரு ட்ரோன் ராணுவ பிளாக் ஹாக் ஹெலிகாப்டரில் மோதியது. ஓட்டியவர் அதைக் கண்ணுக்கெட்டாத தூரத்துக்கு அனுப்பியிருந்தார். மோதியதே அவருக்குத் தெரியவில்லை.

ஒரு கணக்குப் போடுங்கள். சிறிய கேமரா ட்ரோன் நொடிக்கு 3 மீட்டர் இறங்குகிறது என்றால், 100 மீட்டரிலிருந்து தரைக்கு வர 33 நொடி. மணிக்கு 200 கிலோமீட்டரில் வரும் ஹெலிகாப்டர் அதற்குள் கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் வந்துவிடும். கண்ணில் படட்டும் என்று காத்திருந்தால் தாமதம்தான். காதில் விழுந்ததுமே இறக்குங்கள்.

எப்படி? படப்பிடிப்பை அப்படியே விட்டுவிட்டு, ஏற்ற இறக்க ஸ்டிக்கைக் கீழே இழுத்துப் பிடியுங்கள். கீழே ஆட்கள் இருந்தால் கொஞ்சம் பக்கவாட்டில் ஒதுக்கி இறக்குங்கள். மர உச்சி அளவுக்கு வந்த பிறகு, தாழ்வாகவே ஓட்டி உங்களிடம் கொண்டு வாருங்கள். தவறி ரிட்டர்னை அமுக்கிவிட்டீர்களா, உடனே ரத்து செய்து கையால் இறக்குங்கள். ரத்து செய்யும் பட்டன் எது என்று வீட்டிலேயே பத்து முறை பழகி வையுங்கள். ரிட்டர்ன் உயரத்தையும் ஒவ்வோர் இடத்திலும் அங்குள்ள மரம், கோபுரத்தைப் பார்த்து மாற்றுங்கள்.

திரையில் தெரியும் உயரம் நீங்கள் கிளப்பிய இடத்திலிருந்து கணக்கிடுவது. குன்றின் மேல் நின்று 100 மீட்டருக்கு ஏற்றி அடிவாரப் பக்கம் ஓட்டினால், அங்கே தரையிலிருந்து 200 மீட்டருக்கு மேலேகூட இருப்பீர்கள். கோயில் குன்றுகளில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது.

கூடவே ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள். அவர் திரையைப் பார்க்கவே கூடாது, வானத்தை மட்டும் பார்க்க வேண்டும். நாதஸ்வரமும் தவிலும் முழங்கும் இடத்தில் உங்களுக்கு எதுவும் கேட்காது. அவரைச் சத்தத்துக்குத் தள்ளி நிறுத்துங்கள்.

ஹெலிகாப்டர் போன பிறகு உடனே ஏற்றாதீர்கள். பொட்டலம் போட வந்தவர்கள் அதே தெருவை மறுபடி சுற்றுவார்கள். வெள்ளம், தீ என்றால், மாவட்ட நிர்வாகமே கூப்பிட்டாலொழிய, பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.