ஆணி அடிக்காத நாய்வண்டி: கமுட்டிக் செய்வது எப்படி?

கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் இனுயிட் மக்கள் நாய்களைப் பூட்டி ஓட்டும் வண்டிக்குக் கமுட்டிக் என்று பெயர். நீளவாக்கில் இரண்டு சறுக்குக் கட்டைகள், மேலே வரிசையாகக் குறுக்குப் பலகைகள், அவ்வளவுதான். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது கயிறு மட்டுமே. உறைந்த கடலில் பனிப்பாளங்கள் முட்டி மோதி மேடுபள்ளமாகக் கிடக்கும். ஆணி அடித்த வண்டி அதில் ஏறி இறங்கினால் ஆணி தளரும், இல்லையேல் பலகை பிளக்கும். கயிற்றுக் கட்டு வளைந்து கொடுக்கும். நம் கட்டுமரம் அலையைத் தாங்குவதும் இப்படித்தானே!

இரண்டு மூன்று நாய்கள் இழுக்கும் சின்ன வண்டியாகவே தொடங்குவோம்.

1. சறுக்குக் கட்டை

2 இன்ச் கனம், 6 இன்ச் அகலம், 7 அடி நீளத்தில் இரண்டு ஸ்ப்ரூஸ் (ஊசியிலை மரம்) பலகைகள். மரத்தில் கணு இருந்தால் வாங்காதீர்கள். பலகை குத்தாக நிற்கப் போகிறது. முன்முனையின் அடிப்பக்கத்தை ஒன்றரை அடி நீளத்துக்கு மெல்ல மேலேறும் வளைவாக அறுங்கள். அறுத்ததையே அச்சாக வைத்து மற்றதில் கோடு போடுங்கள்.

2. அடிப்பட்டை

சறுக்குக் கட்டையின் அடியில் கால் இன்ச் கனமுள்ள பாலிஎத்திலீன் பட்டையைத் திருகாணியால் பிடியுங்கள். திருகாணித் தலை பட்டைக்குள் புதைந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் சேற்றைப் பூசி உறையவிட்டு, இழைத்து, மேலே தண்ணீர் தடவிப் பனிக்கட்டிப் படலமே ஏற்றினார்கள்.

3. கட்டு

வண்டியின் உயிர் இதில்தான், அவசரப்படாதீர்கள். 1 இன்ச் கனம், 4 இன்ச் அகலம், 20 இன்ச் நீளத்தில் பலகைகள் வெட்டி, 2 இன்ச் இடைவெளி விட்டு அடுக்குங்கள். இரு பக்கமும் பலகை கட்டையைத் தாண்டி ஓர் இன்ச் நீட்டிக்கொண்டிருக்கட்டும். நீட்டிய பகுதியின் இரு ஓரத்திலும் கயிறு உட்காரச் சின்ன வெட்டு. ஒவ்வொரு பலகைக்கும் கீழே, கட்டையின் மேல்விளிம்பிலிருந்து 2 இன்ச் இறக்கி, இரண்டு துளைகள். துளை வழியே வெளியே வரும் கயிறு வெட்டில் உட்கார்ந்து, பலகை மேல் குறுக்காக ஏறி, உள்பக்கம் இறங்கி அடுத்த துளைக்குள் போக வேண்டும். மூன்று சுற்று. நைலான் ஈரத்தில் நீளும். பாலியெஸ்டர் கயிறே மேல். எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள், ஒன்று அறுந்தால் மொத்தமும் தளரும்.

கட்டி முடித்ததும் ஒரு கட்டையின் முன்முனையை நாலு விரல் உயரம் தூக்குங்கள். மற்றது தரையிலேயே இருந்தால் சரி. சேர்ந்து எழும்பினால் கட்டு விறைப்பாக இருக்கிறது, கொஞ்சம் தளர்த்துங்கள்.

4. பூட்டுவது

இரு கட்டைகளின் முனையிலும் துளையிட்டு ஒரே கயிற்றை வளையமாகக் கட்டுங்கள், நடுவில் நாய்க்கயிறு. திறந்த வெளியில் நாய்கள் விசிறிபோல் விரிந்து ஓடும். மரங்களுக்கு நடுவே அப்படி விட்டால் ஆளுக்கொரு பக்கம் போய்ச் சிக்கிக்கொள்ளும். அங்கே ஜோடி ஜோடியாகப் பூட்டுங்கள். வண்டியை நிறுத்திப் பிடிக்கப் பனிக்கொக்கி கட்டாயம். இறக்கத்தில் ஒரு கட்டையின் முன்வளைவில் சங்கிலியை மாட்டிவிட்டால் அது அடியில் உரசி வேகத்தைக் குறைக்கும்.

இறுகிய பனி, கடல்பனி, கூழாங்கல் கரை எல்லாவற்றுக்கும் இது ஈடுகொடுக்கும். காட்டுக்குள் இடுப்பளவு மென்பனி என்றால் 2 இன்ச் கட்டை புதைந்துவிடும்; அங்கே தட்டையான அடிப்பாகம் கொண்ட டொபோகன் என்ற பனிவண்டிதான் சரி.

முதல் ஓட்டத்தில் ஆள் ஏறாமல் சுமையை மட்டும் வையுங்கள். திரும்பியதும் எல்லாக் கயிற்றுக் கட்டுகளையும் சரிபாருங்கள். புதுக் கயிறு தொய்யாமல் இருக்காது.