மொட்டை மாடியில நின்னு ஐஎஸ்எஸ் ரிப்பீட்டர் பிடிக்கலாம் வாங்க: கையால செஞ்ச யாகி ஆன்டெனாவும் போன் ஆப்பும்

சர்வதேச விண்வெளி நிலையத்துல (ஐஎஸ்எஸ்) 2020 செப்டம்பர்ல இருந்து ஒரு ஹாம் (அமெச்சூர் ரேடியோ) ரிப்பீட்டர் ஓடுது. கீழ இருந்து 145.990 மெகாஹெர்ட்ஸ்ல 67 ஹெர்ட்ஸ் டோனோட பேசினா அது 437.800ல திருப்பி விடும். சும்மா 400 சொச்சம் கிலோமீட்டர் உயரத்துல போறதால சென்னை தலைக்கு மேல இருக்கும்போது டெல்லிக்காரரும் கொழும்புக்காரரும் அதே நேரம் அதோட வீச்சுக்குள்ள இருப்பாங்க. மெமரி போடறது, டோன்னா என்ன இதெல்லாம் தெரியும்னு வச்சுக்கறேன். லைசென்ஸ் இன்னும் வரலைன்னா பிடிடி (பேசறதுக்கு அமுக்கற பட்டன்) பக்கம் கை போக வேணாம்.

எனக்கு இது சிக்க மூணு வாரம் ஆச்சு, அந்த மூணு வாரமும் வெறும் இரைச்சல்தான், அதுல பாதி தப்பு ஆன்டெனாவுல இல்ல.

முதல்ல டிராக்கிங்

லேப்டாப்புல ஜிபிரெடிக்ட்னு ஒரு சாட்டிலைட் டிராக்கிங் சாஃப்ட்வேர் போட்டேன், அழகா மேப் வந்துச்சு, பாஸ் டைமும், அதாவது ஐஎஸ்எஸ் நம்ம வானத்தைக் கடந்து போற நேரமும் வந்துச்சு. மாடிக்கு ஏறி ஒவ்வொரு தடவையும் காத்துதான் வாங்கினேன். அப்புறம்தான் பாத்தா அது இன்ஸ்டால் ஆகும்போதே கோபன்ஹேகனை ஊரா வச்சுக்கிட்டு வருது! நான் தினமும் டென்மார்க்குக்கு மேல போற பாஸுக்கு சைதாப்பேட்டையில நின்னுட்டு இருந்திருக்கேன். ப்ரிஃபரன்ஸ்ல போய் கிரவுண்ட் ஸ்டேஷனை மாத்துங்க, டைமும் யூடிசியா நம்ம லோக்கலான்னு பாருங்க, அஞ்சரை மணி நேரம் தள்ளிப் போயிடும்.

மாடிக்கு போன் போதும். என் சாய்ஸ் லுக்ஃபோர்சாட், ஆண்ட்ராய்டுக்கு, ஓப்பன் சோர்ஸ், விளம்பரத் தொல்லை இல்ல. ஹெவன்ஸ் அபவ்வும் நல்லாத்தான் இருக்கு, ஆனா அது கண்ணால பாக்கறவங்களுக்கு. எதுவா இருந்தாலும் டிஎல்இ டேட்டாவை (சுற்றுப்பாதைக் கணக்கு) ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா அப்டேட் பண்ணுங்க, ஐஎஸ்எஸ்ஸை அப்பப்ப மேல தள்ளி விடுவாங்க, பழைய டேட்டா வச்சிருந்தா டைம் தப்பும். ஆரம்பத்துல 40 டிகிரிக்கு மேல ஏறுற பாஸ் மட்டும் எடுத்துக்குங்க.

உங்க கிரிட்டும் (ஹாம் ஆளுங்க இடத்தைச் சொல்ற குறியீடு) இப்பவே குறிச்சு வச்சுக்குங்க. சென்னைன்னா எல்லாரும் என்கே03னு சொல்லிடறாங்க, ஆனா 13 டிகிரி கோடு ஊருக்குள்ளயே போகுது, தாம்பரம், திருவான்மியூர் எல்லாம் என்கே02.

ஆன்டெனா

ரேடியோ கூட வர்ற ரப்பர் டக் (குட்டி ஆன்டெனா) வேலைக்கு ஆகாதுன்னு சொல்ல மாட்டேன், ஆனா பொறுமை போயிடும். மூணு கம்பி போதும். பூமுக்கு (நடுத்தண்டு) எலெக்ட்ரிக் பிவிசி பைப், எலிமென்டுக்கு 3 மிமீ அலுமினிய ராடு. ரிஃப்ளெக்டர் 33.3 செமீ, டைரக்டர் 30.8 செமீ, நடுவுல கேபிள் சேர்ற டிரிவன் எலிமென்ட் 16 செமீல ரெண்டு துண்டு, ஒவ்வொண்ணுக்கும் இடைவெளி 13.7 செமீ. கேபிள் நடுக்கம்பி ஒரு துண்டுக்கு, மேல இருக்கற வலை இன்னொண்ணுக்கு. அலுமினியத்துல ஈயம் ஒட்டாது, சின்ன ஸ்க்ரூவும் லக்கும் போட்டு முறுக்குங்க. நேனோவிஎன்ஏ (ஆன்டெனாவை அளக்கற கருவி) இருந்தா டிரிவன் நுனியை மிமீ மிமீயா நறுக்கி டியூன் பண்ணிக்கலாம்.

கேபிள் ஒரு மீட்டருக்கு மேல வேணாம். ரிச்சி தெருவுல கனெக்டர் வாங்கும்போது ஒண்ணு கவனிங்க, பாவ்ஃபெங் ரேடியோவுல இருக்கறது எஸ்எம்ஏ மேல், அதனால கேபிள்ல ஃபீமேல் வேணும். யேசு (Yaesu) கம்பெனி ஹேண்டியா (கைரேடியோ) இருந்தா அப்படியே உல்டா. நான் ரெண்டு தடவை பஸ் ஏறினேன்.

என்னைக் கவுத்த இடம்

பாவ்ஃபெங் யுவி-5ஆர்ல டோன் போட ரெண்டு மெனு இருக்கு, 11 ஆர்-சிடிசிஎஸ், 13 டி-சிடிசிஎஸ். நான் ரொம்ப ஜாக்கிரதையா ரெண்டுலயும் 67.0 போட்டேன். ரிசீவ்ல டோன் போட்டா, வர்ற சிக்னல்ல அந்த டோன் இல்லைன்னா ரேடியோ வாயே திறக்காது. மேல இருந்து ஆளுங்க பேசிக்கிட்டேதான் இருந்திருக்காங்க, என் ரேடியோ மட்டும் ஊமை. 11 ஆஃப்ல இருக்கணும், 13ல மட்டும் 67.0, ஸ்க்வெல்ச் (இரைச்சலை அடக்கற செட்டிங்) ஜீரோ. இரைச்சல் காதைப் பிடுங்கும், பரவாயில்ல, சிக்னல் வரும்போது அந்த இரைச்சல் அமுங்கறதுதான் உங்களுக்கு அடையாளம்.

அடுத்து டாப்ளர். கிட்ட வரும்போது ஃப்ரீக்வென்சி ஏறித் தெரியும், விலகும்போது இறங்கும், கிட்டத்தட்ட 10 கிலோஹெர்ட்ஸ் இந்தப் பக்கம் அந்தப் பக்கம். அஞ்சு மெமரி போட்டுக்குங்க: 437.810, .805, .800, .795, .790, இதே வரிசையில. எல்லாத்துலயும் டிரான்ஸ்மிட் 145.990தான், அதைத் தொட வேணாம். தலைக்கு மேல வரும்போது சடசடன்னு மாறும், ஓரத்துல மெதுவா.

மாடியில

நம்ம ஊர்ல பாஸ் தென்மேற்குல ஏறி வடகிழக்குல இறங்கும், இல்லைன்னா வடமேற்குல இருந்து தென்கிழக்கு. பகல்லயே எந்த வாட்டர் டேங்க் எந்தத் திசைன்னு பாத்து வச்சுக்குங்க, ஸ்பீக்கர் காந்தம் பக்கத்துல இருந்தா போன் காம்பஸ் குழம்பிடும். டைரக்டர் பக்கம் வானத்தைப் பாத்து இருக்கணும். சிக்னல் மங்கினா உடனே திசையைத் தேடாதீங்க, மணிக்கட்டைச் சாவி திருப்பற மாதிரி கால் சுத்து திருப்புங்க, எலிமென்ட் படுக்கையில இருந்து நெட்டுக்கு வரும்போது சட்டுனு குரல் தெளியும். மொத்தம் பத்து நிமிஷத்துல இப்படி நாலஞ்சு தடவை திருப்புவீங்க.

முதல் நாலு பாஸ் கேக்க மட்டும் செய்யுங்க. அப்புறம் இன்னொரு ஹேண்டியில 50 செமீ விப் (ஒத்தைக் கம்பி ஆன்டெனா) வச்சு பேசுங்க. சிக்யூ சிக்யூன்னு (யாராவது இருக்கீங்களான்னு) இழுக்க வேணாம், கால்சைன், கிரிட், அவ்வளவுதான், க்யூவுல ஆள் நிக்குது. ஸ்பேஸ்வாக், டாக்கிங் நேரத்துல ரிப்பீட்டரை நிறுத்திடுவாங்க, அதனால ஆம்சாட் (ஹாம் சாட்டிலைட் அமைப்பு) ஸ்டேட்டஸ் பேஜைப் பாத்துட்டு மாடி ஏறுங்க.

அப்டேட்: "பிடிடி அமுக்கினதும் ரிசீவர் செத்துடுது"ன்னு ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. 145.990ஐ மூணால பெருக்குங்க, 437.970. நீங்க கேக்கற 437.800க்குப் பக்கத்து வீடு. மலிவு ஹேண்டியில அந்த மூணாவது ஹார்மோனிக் ஒழுகும். டிரான்ஸ்மிட் பக்கம் ஒரு லோ பாஸ் ஃபில்டர் போடுங்க, அது கிடைக்கற வரைக்கும் பவரை லோவுல வச்சு ரெண்டு ரேடியோவையும் கை நீளத்துக்கு மேல தள்ளி வைங்க. ரிசீவ் ரேடியோவுக்கு ஹெட்போன் கட்டாயம், இல்லைன்னா உங்க குரலே சுத்தி வந்து ஊளையிடும்.