ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்களா? காரிலேயே ஒரு சஃபாரி: லாங்லீட்டுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

கோடை லீவில் ஊரிலிருந்து பெரியவர்கள் வந்துவிட்டால் லண்டன் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரே கேள்விதான்: எங்கே கூட்டிப்போவது? மியூசியம் என்றால் அம்மாவுக்கு முட்டி வலி. சாதாரண மிருகக்காட்சிசாலை என்றால் நாள் முழுக்க நடை. பாதி வழியில் ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொள்ள வேண்டும், இன்னொருவர் அப்பாவுக்கு பெஞ்சு தேட வேண்டும். இப்படிப்பட்ட கோஷ்டிக்கு வில்ட்ஷயரில் இருக்கும் லாங்லீட் சரியான இடம். சொந்தக் காரிலேயே சிங்கம், புலிக்கு நடுவில் ஓட்டிக்கொண்டு போகலாம்.

ஆப்பிரிக்காவுக்கு வெளியே இப்படிக் காரோடு உள்ளே போகும் சஃபாரி பூங்கா முதன்முதலில் திறந்தது இங்கேதான், 1966-இல். இடம் பாத் பிரபுவுடையது, மிருகங்களைப் பழக்கும் அனுபவம் சர்க்கஸ் குடும்பத்துக்காரரான ஜிம்மி சிப்பர்ஃபீல்டுடையது. அந்த யோசனை பிடித்துப்போய், பெட்ஃபோர்ட்ஷயரில் வோபர்ன், லிவர்பூல் அருகே நோஸ்லி, ஸ்காட்லாந்தில் பிளேர் டிரம்மண்ட் என்று வரிசையாகத் திறந்தார்கள். வடக்கே இருப்பவர்கள் அவற்றில் ஒன்றுக்குப் போங்கள். கீழே சொல்வதில் பெரும்பகுதி அங்கும் பொருந்தும்.

படி 1: நாளையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள்

முடிந்தால் வார நாள். பள்ளி திறந்திருக்கும் நாளாக இருந்து, வீட்டில் பள்ளிக்குப் போகாத குழந்தை மட்டும் என்றால் இன்னும் நல்லது. டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். கேட் திறக்கும் நேரத்துக்கு அங்கே இருக்க வேண்டும், இதில் மட்டும் சமரசம் வேண்டாம். சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம்வரை படுத்தே கிடக்கும் பிராணி. வெயில் ஏறிவிட்டால் புல்லில் ஒரு பழுப்பு மேடுதான் தெரியும். தவிர, வழி ஒருவழிப்பாதை. முன்னால் போகும் கார் எந்த வேகமோ அதுதான் உங்கள் வேகமும்.

லேசான தூறல் இருந்தால் பயணத்தை ரத்து செய்யாதீர்கள். கூட்டம் குறைவாக இருக்கும், மிருகங்களும் கொஞ்சம் நடமாடும்.

படி 2: காரைத் தயார் செய்யுங்கள்

துணிக்கூரை போட்ட கார்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. பெரியவர்கள் இருவர், நீங்கள் இருவர், பிள்ளைகள் இருவர் என்றால் ஏழு சீட் வண்டி வேண்டியிருக்கும். வாடகைக்கு எடுக்கும்போது கடைசி வரிசை ஜன்னலைப் பாருங்கள். சில வண்டிகளில் அது தபால்பெட்டி வாய் அளவுதான் இருக்கும். அங்கே உட்காருபவருக்கு சஃபாரி என்பது முன்சீட்டின் முதுகுதான். பிள்ளை 12 வயதுக்கும் 135 சென்டிமீட்டருக்கும் கீழே என்றால் இங்கே சைல்டு சீட் சட்டப்படி கட்டாயம், அதையும் கணக்கில் வைத்து இடம் பிரியுங்கள்.

பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள், மின்சாரக் கார் என்றால் சார்ஜ். உள்ளே ஆமை வேகம், கண்ணாடி மூடி ஏ.சி. ஓடிக்கொண்டே இருக்கும். ரேடியேட்டர் தண்ணீரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது பலர் யோசிக்காத வேலை: ஜன்னல் கண்ணாடியை உள்பக்கம் துடைப்பது. வெளிப்பக்கம் கார்வாஷில் பளபளவென்று ஆகிவிடும். உள்பக்கத்தில் குழந்தையின் விரல் ரேகை, பிஸ்கட் கை, மூக்கை அழுத்திய தடம் எல்லாம் அப்படியே இருக்கும். வெயில் பட்டதும் அத்தனையும் வெள்ளையாக எழுந்து நிற்கும், புலி அதற்குப் பின்னால் எங்கோ இருக்கும். கொஞ்சம் வினிகர் கலந்த தண்ணீரும் பழைய பருத்தி பனியன் துணியும் போதும். கையோடு பின்ஜன்னல்களுக்கு சைல்டு லாக் போட்டுவிடுங்கள்.

படி 3: சாப்பாடும் டாய்லெட்டும்

உதிரியாக, மணமில்லாமல், கையில் ஒட்டாமல் இருப்பதைக் கட்டுங்கள். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, சப்பாத்தி ரோல், தயிர்சாதம் டப்பாவில். சாம்பார் வேண்டாம். மூடிய காரில் அது ஒருமுறை கவிழ்ந்தால் வாசனை தீபாவளி வரை நிற்கும். முழுச் சாப்பாட்டை சஃபாரி முடிந்தபின், அங்கேயே இருக்கும் பாத் பிரபுவின் மாளிகை முன்னால் புல்வெளியில் வைத்துக்கொள்ளலாம். காருக்குள் பிஸ்கட், பழம் போதும்.

சஃபாரி வழியின் தொடக்கத்தில் ஓர் ஆப்பிரிக்கப் பகுதி வரும். அங்கே காரை நிறுத்தி இறங்கி ஒட்டகச்சிவிங்கி பார்க்கலாம். அதைத் தாண்டினால் சஃபாரி முடியும்வரை யாரும் இறங்க முடியாது. ‘எனக்கு இப்போ வரலை’ என்று சொல்லும் எல்லோரையும் அங்கேயே டாய்லெட்டுக்கு அனுப்பிவைப்பது உங்கள் பொறுப்பு. நீரிழிவு மாத்திரையோ பி.பி. மாத்திரையோ போடும் பெரியவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

படி 4: போகும் வழி

லண்டனிலிருந்து நூறு மைலுக்குக் கொஞ்சம் கூட. எம் 3 நெடுஞ்சாலையைப் பிடித்து, அதிலிருந்து ஏ 303 சாலை. ஏம்ஸ்பரியைத் தாண்டியதும் சாலை குறுகி வண்டிகள் ஊரும். காரணம் உங்கள் வலப்பக்கம் புல்வெளியில் நிற்கும், ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டம். அப்பாவைப் பின்சீட்டில் வலது ஜன்னல் ஓரம் உட்கார வைத்திருந்தால் டிக்கெட் இல்லாமலே அதையும் பார்த்துவிடுவார்.

படி 5: குரங்கு, வேண்டுமா வேண்டாமா?

இதை வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். இங்கே இருப்பது செம்முகக் குரங்கு. பழனி மலையில் தேங்காய் பிடுங்கும் நம் நாட்டுக் குரங்குக்கு வடநாட்டுப் பங்காளி. கார் நின்றதும் பானெட்டில் ஏறி உட்கார்ந்து, வைப்பரைத் தூக்கி, ரப்பரை ஒரு நுனியில் பல்லால் கவ்வி உரிக்கும். ஏரியல், கதவு ரப்பர், கண்ணாடிக்குத் தண்ணீர் பீச்சும் மூக்கு எதையும் விடாது. பிள்ளைகளுக்கு அன்றைய நாளில் இதைவிடப் பெரிய சிரிப்பு இருக்காது. ஆனால் சேதத்துக்குப் பூங்கா பொறுப்பேற்காது.

என் கருத்து: சொந்தக் கார், கொஞ்சம் பழசு என்றால் போங்கள். வாடகைக் கார், லீஸ் கார் என்றால் குரங்குப் பகுதியைத் தவிர்த்துப் போகும் மாற்றுவழியில் திரும்பிவிடுங்கள். கூரைமேல் பெட்டி கட்டியிருந்தால் யோசனையே வேண்டாம், மாற்றுவழிதான்.

படி 6: சஃபாரிக்குள்

மான் பகுதியில் தீனிக் கப் வாங்கி ஊட்டலாம். ஜன்னலைக் கை நுழையும் அளவுக்கு மட்டும் இறக்கி, கப்பை வெளியே நீட்டிப் பிடியுங்கள். முழுக்க இறக்கினால் ஈர மூக்கோடு ஒரு தலை நேராக அம்மாவின் மடிக்கு வந்துவிடும், அவர்கள் போடும் கத்தலில் மான் ஓடிவிடும். ஒவ்வொரு பகுதியின் வாசலிலும் ஜன்னல் பற்றிய பலகை இருக்கும். அது சொல்வதுதான் அங்கே சட்டம்.

புலி, சிங்கம், ஓநாய் எல்லாம் கடைசியில். இங்கே ஜன்னல், கதவு, சன்ரூஃப் எதையும் திறக்கக் கூடாது, ஒரு விரல் அளவுகூட. சிங்கம் சாலையில் குறுக்கே படுத்துவிட்டால் ஹாரன் அடிக்காதீர்கள். அது எழுந்து போகட்டும். அதற்காகத்தானே அவ்வளவு தூரம் வந்தோம்! மற்றவர்கள் அவசரப்பட்டால் ஓரம் ஒதுங்கி வழி விடுங்கள். முன்னால் போகிற காரைத் துரத்திக்கொண்டே போகும் குடும்பங்கள்தான் வெளியே வந்து ‘ஒண்ணுமே பார்க்கலை’ என்று புலம்புகின்றன. ஒரே இடத்தில் பத்து நிமிடம் நின்றால் காது அசையும், வால் அசையும், பிறகு ஒன்று எழுந்து கொட்டாவி விடும்.

போட்டோவுக்கு செல்போனைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடியுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். கண்ணாடியிலிருந்து தள்ளிப் பிடித்தால் படத்தில் சிங்கத்தின்மேல் உங்கள் சட்டை விழும்.

கார் நின்றுபோனால் இறங்காதீர்கள். அப்போதுதான் ஹாரனுக்கு வேலை. ஹாரன் அடித்து, விளக்கை மினுக்கினால் ரேஞ்சர் வண்டி வந்துவிடும்.

படி 7: வெளியே வந்தபின்

சாப்பிட்டுவிட்டு நேராகப் படகுக்கு. கடல் சிங்கங்கள் படகோடு கூடவே நீந்தி வரும், மீன் வாங்கிப் போடலாம். ஏரியில் நீர்யானை, தீவில் கொரில்லா. உட்கார்ந்தே பார்க்கிற சமாச்சாரம் என்பதால் முட்டிக்காரர்களுக்கு இதுவும் தோது.

1580-இல் கட்டி முடித்த மாளிகை அழகுதான், ஆனால் நேரம் இருந்தால் மட்டும். உயரமான செடிவேலிகளுக்கு நடுவே வழி தேடும் செடிப் புதிருக்குப் பெரியவர்களை அனுப்பாதீர்கள். 16,000-க்கும் மேற்பட்ட செடிகள், ஒன்றரை மைலுக்கும் மேல் பாதை. தொலைந்துபோவதுதான் அதன் விளையாட்டே. வளர்ந்த பிள்ளைகளோடு ஒருவர் போகட்டும், மற்றவர்கள் ஃப்ளாஸ்க் டீயோடு வெளியே இருங்கள்.

திரும்பும்போது ஸ்டோன்ஹெஞ்ச் பக்கம் சாயங்கால நெரிசல் நிச்சயம். கிளம்பும் முன் எல்லோரையும் இன்னொருமுறை டாய்லெட்டுக்கு அனுப்புங்கள். குரங்குப் பகுதிக்குப் போயிருந்தால் காரைச் சுற்றி வந்து வைப்பர், நம்பர் பிளேட் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.