பருவநிலைத் தாங்குதிறன்: தேசியத் திட்டம் போடுவது எப்படி?

ஆபத்தை முதலில் மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: சீற்றம் எவ்வளவு கடுமையாக வரும், அதன் பாதையில் யார் இருக்கிறார்கள், அடி விழுந்தால் அவர்களால் எவ்வளவு தாங்க முடியும். மூன்றுக்கும் மதிப்பெண் போட்டு, கூட்டிச் சராசரி எடுத்து வண்ண வரைபடமாக்குவது வழக்கம். அதைச் செய்யாதீர்கள். கூட்டினால், ஆளே இல்லாத சதுப்பு நிலம்கூட வெள்ளம் வரும் என்பதற்காகவே சிவப்பாகிவிடும், பெருக்கினால் ஆகாது. கணக்கை மாவட்டத்தோடு நிறுத்தாமல் வார்டு வரை இறங்குங்கள். ஆற்றோரக் குடிசைகள் மாவட்டச் சராசரியில் காணாமல் போய்விடும்.

அடுத்தது கட்டுமான விதி. ‘நூறாண்டு வெள்ளம்’ என்பது நூறு ஆண்டுக்கு ஒருமுறை வருவதல்ல. ஒவ்வோர் ஆண்டும் 1% வாய்ப்புள்ளது. 50 ஆண்டு நிற்க வேண்டிய பாலம் அதை ஒருமுறையாவது சந்திக்க ஏறத்தாழ 40% வாய்ப்பு உண்டு. அதுவும் பழைய மழைப் பதிவுகளின்படி. வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் ஏறினால் காற்று சுமார் 7% கூடுதல் நீராவியைத் தாங்கும், ஆகவே பழைய பதிவை நம்பிப் பாலத்துக்கு அடியில் நீர் போகும் திறப்பின் அளவைக் குறிக்கக் கூடாது. புதிதாகக் கட்டும்போதே பெரிதாகக் கட்டுவது மலிவு. கட்டியதை இடித்து அகலப்படுத்துவதுதான் கையைக் கடிக்கும்.

பணத்தை அடுக்கடுக்காக வையுங்கள். அடிக்கடி வரும் சிறு சேதத்துக்கு அவசர நிதி, நடுத்தரத்துக்கு முன்கூட்டியே ஒப்பந்தம் போட்ட கடன், அரிதான பேரிடருக்கு மட்டும் காப்பீடு. ஆண்டுதோறும் வரும் வெள்ளத்துக்குக் காப்பீடு எடுத்தால் பிரீமியத்திலேயே பணம் கரைந்துவிடும்.

மழையளவை வைத்துத் தானாக இழப்பீடு தரும் காப்பீட்டில் ஒரு பொறி உண்டு. 2015-16 வறட்சியில் மலாவி நாட்டுக்கு முதலில் எதுவும் வரவில்லை. விதைத்தது நீண்டகால மக்காச்சோள ரகம் என்று வைத்து, இழப்பைக் கணிக்கும் கணினி நிரல் கணக்குப் போட்டது. வயலில் நின்றதோ குறுகியகால ரகம். திருத்திய பிறகே சுமார் 81 லட்சம் டாலர் கிடைத்தது. கையெழுத்திடும் முன் என்ன விதைக்கிறார்கள் என்று நேரில் போய்க் கேளுங்கள்.

கையில் பணம் குறைவென்றால் முன்னெச்சரிக்கையில் தொடங்குங்கள். வங்கதேசக் கடலோரத்தில் 1970 புயல் குறைந்தது 3 லட்சம் உயிர்களைக் கொண்டுபோனது. 2007 சிட்ர் புயலில் இறந்தவர்கள் சுமார் 3,400. செயற்கைக்கோளுக்கு நிகராக, மெகாபோனோடு வீடு வீடாகப் போன தன்னார்வலர்களுக்கும் இதில் பங்குண்டு. எச்சரிக்கை கேட்டும் பலர் கிளம்பாததற்கு மாடும் ஒரு காரணம். ஆகவே புகலிடத்துக்குப் பக்கத்திலேயே கால்நடைக்கும் ஒரு மண்மேடு எழுப்பி, அதன் செலவை அதே மதிப்பீட்டில் சேர்த்துவிடுங்கள்.