ஆக்டிவ் பேஸ் கிட்டாரா? இடைவேளையில் கேபிளைக் கழற்றுங்கள்

ஆக்டிவ் பேஸ் கிட்டாரில், அதாவது உள்ளேயே பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சின்ன சர்க்யூட்) உள்ள பேஸில், பெரும்பாலும் தனி ஆன்-ஆஃப் சுவிட்ச் இருக்காது. கேபிளைச் செருகியதும் ஜாக்கே 9 வோல்ட் பேட்டரியை ப்ரீஆம்போடு இணைத்துவிடும். வால்யூமை முழுசாகக் குறைத்தாலும் பேட்டரி தீர்ந்துகொண்டேதான் இருக்கும். அதனால் சவுண்ட் செக் முடிந்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள். அதற்கு முன் சவுண்ட் இன்ஜினியரிடம் உங்கள் சேனலை மியூட் செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் 'டப்' என்று அடிக்கும், சப்-வூஃபருக்கு அது நல்லதே இல்லை.

பேட்டரி இறங்கிவிட்டால், ஈ கம்பியை ஓங்கிச் சுண்டும்போது ஒலி கரகரவென்று உடையும். மல்டிமீட்டரில் 8 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் நான் யோசிக்காமல் மாற்றிவிடுவேன். பையில் புது ஆல்கலைன் பேட்டரி ஒன்று எப்போதும் இருக்கட்டும். அப்புறம், பேட்டரி மூடி திருகு போட்டதாக இருந்தால் சின்ன ஸ்க்ரூடிரைவரும்.